புது ஆடியோ செட் மாட்டியதிலிருந்து கார் ஸ்டார்ட் ஆகலையா? பேட்டரியை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

அதிகாலை 4 மணி. அக்னி தீர்த்தத்துக்குக் கிளம்பணும். சாவியைத் திருப்பினால் ‘டிக்... டிக்... டிக்’ சத்தம் மட்டும்தான், செல்ஃப் எடுக்கலை. போன வாரம் வரைக்கும் ஒழுங்கா ஓடின கார். நடுவில் நடந்தது ஒண்ணே ஒண்ணுதான். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபையர், சப்-வூஃபர்னு புதுசா ஒரு செட் மாட்டினீங்க.

இந்த நிலைமையில் உங்களுக்கு முதலில் கிடைக்கிற அறிவுரை, “பேட்டரி வீக்காகிடுச்சு, மாத்திடுங்க” என்பதுதான். பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புது பேட்டரி வாங்குவீங்க. பத்து நாள் நல்லா ஓடும். அப்புறம் அதுவும் படுத்துடும். குழாய் ஒழுகும்போது புதுத் தொட்டி வாங்கி வெச்சா தண்ணி நிக்குமா?

கார் ஆஃப்ல இருக்கும்போதும் எங்கேயோ ஒரு கரன்ட் போயிட்டே இருக்கு. அது எங்கே போகுதுன்னு கண்டுபிடிக்கிறவரை பேட்டரிக்கடைப் பக்கமே போகாதீங்க. கண்டுபிடிக்க ஒரு 10-ம் நம்பர் ஸ்பானரும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற டிஜிட்டல் மல்டிமீட்டரும் போதும். முதல் ரெண்டு டெஸ்ட்டுக்கு மீட்டர்கூட கட்டாயம் இல்லை.

எவ்வளவு கரன்ட் போகலாம்?

பூட்டி நிறுத்தின காரும் முழுசா தூங்குறதில்லை. கடிகாரம், சென்ட்ரல் லாக், அலாரம், இன்ஜின் கம்ப்யூட்டரின் மெமரி எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கரன்ட் எடுத்துக்கிட்டே இருக்கும். இது பெரும்பாலான கார்களில் 20 முதல் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கும். இது இயல்பு.

சின்ன கார்களில் வரும் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியை எடுத்துக்கலாம். அது முழு சார்ஜில் இருக்குன்னு வைங்க.

- 50 மில்லி ஆம்பியர் போனால், ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர் காலி. பாதி சார்ஜ் இறங்க சுமார் 2 வாரம் ஆகும்.
- 300 மில்லி ஆம்பியர் போனால், ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் ஹவர் காலி. இரண்டரை நாளில் பாதி அவுட்.
- 1 ஆம்பியர் போனால், 18 மணி நேரத்துக்குள் பாதி காலி. சாயங்காலம் நிறுத்தினா மறுநாள் காலையிலேயே செல்ஃப் தடுமாறும்.

பாதிக்குக் கீழே இறங்கி இறங்கி ஏறுவது கார் பேட்டரிக்கு ஆகாது. இன்ஜினைக் கிளப்ப ஒரு சில விநாடிகள் பெரிய கரன்ட் கொடுப்பதற்காக வடிவமைக்கப்பட்டது அது. அடிக்கடி காலியானால், உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏத்தினாலும் நிக்காது. அதாவது, ஒயரிங் தப்பை இன்னிக்குக் கவனிக்காம விட்டால், நாளைக்கு நிஜமாவே பேட்டரியும் போயிடும்.

டெஸ்ட் 1: ஒரு ராத்திரி டெஸ்ட்

குற்றவாளி பேட்டரியா, காரான்னு முதலில் முடிவு பண்ணணும். சாயங்காலம் ஒரு மணி நேரமாவது நெடுஞ்சாலையில் ஓட்டிட்டு வாங்க. அல்லது சார்ஜரில் போட்டு முழுசா ஏத்துங்க. இன்ஜினை அணைச்சு ஒரு மணி நேரம் கழிச்சு, 10-ம் நம்பர் ஸ்பானரால் நெகட்டிவ் டெர்மினலை மட்டும் கழட்டி, தனியா தள்ளி வைங்க. மீட்டர் இருந்தால் பேட்டரியின் வோல்டேஜைக் குறிச்சு வெச்சுக்கோங்க.

காலையில் மறுபடி மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. ‘டக்’குனு எடுத்தால் பேட்டரி நல்லா இருக்கு, காரில்தான் ஒழுகுது. ஒயரே இல்லாமல் தனியா இருந்தும் இறங்கிப் போயிருந்தால், பேட்டரிதான் முடிஞ்சிருக்கு. அப்போ தாராளமா மாத்துங்க.

ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியின் அளவை இப்படிப் புரிஞ்சுக்கலாம்: 12.6-க்கு மேல் என்றால் முழு சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. 11.8-க்குக் கீழே போனால் காலின்னே வெச்சுக்கலாம்.

கையோடு இன்னொண்ணையும் பார்த்துடுங்க. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டணும். காட்டினால், நம்ம மெக்கானிக்குகள் டைனமோன்னு சொல்ற ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏத்துதுன்னு அர்த்தம். இன்ஜின் ஓடும்போதும் 12.5-லேயே நின்னா, கோளாறு சார்ஜிங்கில். ஆடியோ செட் மேல பழி போடாதீங்க. சில புது மாடல்களில் கம்ப்யூட்டரே சார்ஜிங்கைக் கூட்டிக் குறைக்கும். அவற்றில் ஹெட்லைட்டைப் போட்டு, சில நிமிடங்கள் கவனிச்சிட்டு முடிவு பண்ணுங்க.

ஒரு எச்சரிக்கை: நெகட்டிவைக் கழட்டினால் சில கார்களில் கடிகாரம், பவர் விண்டோவின் ஆட்டோ செட்டிங் போன்றவை அழிஞ்சிடும். கம்பெனி ஸ்டீரியோ சிலவற்றில் கோடு நம்பர் கேட்கும். அந்த நம்பர் கையில் இருக்கான்னு பார்த்துட்டு ஆரம்பிங்க. எப்பவும் கழட்டும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

டெஸ்ட் 2: ஃப்யூஸை மட்டும் பிடுங்குங்க

காரில்தான் ஒழுகுதுன்னு தெரிஞ்சாச்சு. இப்போ அது ஆடியோவா, வேற ஏதாவதா? ஆம்ப்ளிஃபையருக்குப் பேட்டரியிலிருந்து நேரா ஒரு தடிமனான ஒயர் போகும். பேட்டரி பக்கத்திலேயே அதில் ஒரு ஃப்யூஸ் இருக்கணும். அதை ஒரு ராத்திரி பிடுங்கி வைங்க. காலையில் கார் நல்லா எடுத்தால் பிரச்னை ஆம்ப் பக்கம். எடுக்கலைன்னா, அடுத்த ராத்திரி ஸ்டீரியோவின் ஃப்யூஸைப் பிடுங்குங்க.

தேடிப் பார்த்தும் பேட்டரி பக்கத்தில் ஃப்யூஸே இல்லையா? அப்போ பேட்டரி இறங்குறதைவிடப் பெரிய ஆபத்து அங்கே இருக்கு. அந்த ஒயர் எங்கேயாவது தகரத்தில் உரசி ஷார்ட் ஆனால், தடுக்க எதுவும் இல்லை. ஒயர் பழுத்துத் தீப்பிடிக்கும். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் போட்டுத் தரச் சொல்லி, உடனே கடைக்குப் போங்க. அதுவரை அந்த ஒயரைக் கழட்டி வைங்க.

டெஸ்ட் 3: மீட்டர் வெச்சு அளக்கலாம்

ராத்திரி ராத்திரியா காத்திருக்க முடியாதா? மீட்டரை எடுங்க.

1. சாவி ஆஃப், எல்லா லைட்டும் ஆஃப். ஸ்மார்ட் கீயை வீட்டுக்குள் தள்ளி வைங்க. பக்கத்தில் இருந்தால் கார் முழிச்சுக்கும்.
2. பானெட் திறந்திருக்கும். அதன் லாக்கை ஸ்க்ரூடிரைவரால் தட்டி, மூடியிருப்பதாகக் காரை ஏமாத்துங்க. உள்ளே ஃப்யூஸ் பாக்ஸைப் பார்க்கணும்னா கதவின் லாக்கையும் அதேபோல் செய்யணும்.
3. மீட்டரில் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் ஓட்டையில் மாத்திக் குத்துங்க. நாபை டிசி ஆம்பியரில் வைங்க.
4. நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டி, பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்துக்கும் கழட்டின ஒயருக்கும் நடுவில் மீட்டரை இணைங்க. முதலை வாய் கிளிப் இருந்தால் கை வலிக்காது.
5. காத்திருங்க. இணைச்ச உடனே 2, 3 ஆம்பியர்கூட காட்டலாம், பயப்படாதீங்க. காரின் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொண்ணா தூங்கப் போக 30, 40 நிமிடங்கள் ஆகலாம். அதுக்கு அப்புறம் நிக்கிற நம்பர்தான் நிஜம்.

0.02 முதல் 0.05 வரை காட்டினால் ஓகே. 0.3, 0.8, 1.2-ன்னு நின்னா திருட்டுக் கரன்ட் உறுதி.

மீட்டர் இணைப்பில் இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டர் கருகிடும். அளந்து முடிச்சதும் சிவப்பு ஒயரை மறக்காமல் வோல்ட் ஓட்டைக்கு மாத்திடுங்க. 10 ஆம்பியர் ஓட்டையிலேயே விட்டுட்டு அடுத்த முறை வோல்டேஜ் பார்த்தால், நீங்களே பேட்டரியை ஷார்ட் பண்ணின மாதிரி ஆகிடும்.

இப்போ ஃப்யூஸ்களை ஒவ்வொண்ணா பிடுங்கிப் பாருங்க. எதைப் பிடுங்கும்போது நம்பர் சட்டுனு விழுதோ, அந்த லைன்ல திருடன் இருக்கான். பிடுங்கி மாட்டினால் கார் மறுபடி முழிச்சுக்கிற பிரச்னை சில மாடல்களில் உண்டு. அதுக்கும் வழி இருக்கு. மீட்டரைக் கழட்டி, நெகட்டிவை மாட்டி, கார் தூங்கினதும் மீட்டரை மில்லி வோல்ட்டில் வெச்சு, ஃப்யூஸின் தலையில் தெரியும் ரெண்டு உலோகப் புள்ளிகளையும் தொடுங்க. பூஜ்யம்னா கரன்ட் ஓடலை. ஏதாவது நம்பர் காட்டினால் அந்த வழியா ஓடுது.

எந்த ஃப்யூஸுக்கும் மசியலையா? ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு பழுதானாலும் ராத்திரியில் கரன்ட் திருடும். அதை ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பார்க்கட்டும். எலெக்ட்ரிக், ஹைபிரிட் கார் வெச்சிருக்கிறவங்க ஆரஞ்சு நிற கேபிள் பக்கம் கையே வைக்கக் கூடாது. அது உயிரைப் பறிக்கும் வோல்டேஜ்.

வழக்கமான 5 திருடர்கள்

1. மஞ்சளும் சிவப்பும்: வெளியே வாங்கும் ஸ்டீரியோக்களில் பெரும்பாலும் மஞ்சள் ஒயர் எப்போதும் பேட்டரியில் இருக்கணும், நேரம், செட்டிங் எல்லாம் நினைவில் வைக்கத்தான் அது. சிவப்பு ஒயர் சாவி திருப்பினால் மட்டும் கரன்ட் வரும் லைனில் சேரணும். வேலை சீக்கிரம் முடியட்டும்னு ரெண்டையும் ஒண்ணா முறுக்கி டேப் சுத்திட்டா, ஸ்டீரியோவுக்குக் கார் ஆஃப் ஆனதே தெரியாது. சாவியை எடுத்த பிறகும் பாட்டு போடுதா? சந்தேகம் இங்கேதான்.

2. ரிமோட் ஒயர்: ஆம்ப்ளிஃபையரை ‘எழுந்திரு, தூங்கு’ன்னு சொல்ற மெல்லிய ஒயர். பெரும்பாலும் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். இது ஸ்டீரியோவிலிருந்து வரணும். நேரா பேட்டரி லைனில் சேர்த்திருந்தால் ஆம்ப் 24 மணி நேரமும் விழிச்சிருக்கும். காரை நிறுத்தி 2 மணி நேரம் கழிச்சு சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ இருக்கும் ஆம்ப்பைத் தொட்டுப் பாருங்க. இதமான சூடு, எரியும் சின்ன லைட்... ரெண்டில் ஒண்ணு இருந்தால் ஆள் சிக்கிட்டான். வெயிலில் நின்ன காரில் எல்லாமே சுடும் என்பதால், இதை ராத்திரியில் செய்யுங்க.

3. தூங்காத ஆண்ட்ராய்டு: ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ பல, போன் மாதிரிதான். சாவியை எடுத்தால் ஸ்கிரீன் மட்டும்தான் அணையும். அடுத்த முறை ஒரு விநாடியில் எழுந்திருக்கணும்னு உள்ளே அரைத்தூக்கத்தில் கிடக்கும். செட்டிங்ஸில் ஸ்லீப், ஸ்டாண்ட்பை, ஆட்டோ பவர் ஆஃப் மாதிரி ஏதாவது ஆப்ஷன் இருந்தால், குறைந்த நேரத்துக்கு மாத்துங்க. ஸ்டார்ட் ஆக அரை நிமிடம் ஆகும். பரவாயில்லை!

4. கேன்பஸ் டப்பா: ஸ்டீயரிங் பட்டன் வேலை செய்ய ஸ்டீரியோவோடு ஒரு சின்ன டப்பா சேர்த்துத் தருவாங்க. அது உங்கள் கார் மாடலுக்குப் பொருந்தலைன்னா, காரின் கம்ப்யூட்டர்களைத் தூங்கவே விடாது. மீட்டர் நம்பர் இறங்கி இறங்கி ஏறினால் இதைக் கழட்டிட்டு மறுபடி அளந்து பாருங்க.

5. கூட வந்த விருந்தாளிகள்: செட் மாட்டும்போதே சேர்த்து மாட்டின டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், மூட் லைட், யுஎஸ்பி சார்ஜர். டேஷ்கேமின் பார்க்கிங் மோடு ராத்திரி முழுக்க ரெக்கார்ட் பண்ணும். வேண்டாம்னா அதை ஆஃப் பண்ணுங்க.

நம்ம கடற்கரைக்கே உரிய வில்லன்

மதுரையிலோ கோவையிலோ இருக்கிற காருக்கு இதுவரை சொன்னது போதும். ஆனால் தொண்டியிலிருந்து ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி வரைக்கும் இருக்கிற காருக்கு இன்னொரு எதிரி உண்டு. அது உப்புக் காற்று. 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி துருவால் பலவீனமாகி, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தே நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்த பிறகுதான் தீவுக்கு மறுபடி ரயில் ஓடியது. பேட்டரி, உலோக அரிப்பு ரெண்டையும் ஆராயும் காரைக்குடி ‘சிக்ரி’ ஆய்வகம், மண்டபத்திலும் ஒரு பிரிவு வெச்சிருந்தது. இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கும்னு பார்க்க இந்தக் கடற்கரையைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். பாலத்தையே பதம் பார்த்த காற்று, உங்கள் கார் ஒயரை விடுமா?

உப்பு ரெண்டு விதமாகத் தொல்லை கொடுக்கும். ஒண்ணு, பேட்டரியின் தலையில் தூசியும் உப்பும் ஈரமும் சேர்ந்து ஒரு படலமாகப் படியும். அந்தப் படலத்தின் வழியாகவே பாசிட்டிவிலிருந்து நெகட்டிவுக்குக் கொஞ்சம் கரன்ட் கசியும். மீட்டரை வோல்ட்டில் வெச்சு, கறுப்பு முனையை நெகட்டிவ் கம்பத்திலும், சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளாஸ்டிக் தலையிலும் வெச்சு நகர்த்துங்க. வோல்டேஜ் காட்டினால் கசிவு இருக்கு. வெந்நீரில் சமையல் சோடா கரைச்சு, பழைய பிரஷ்ஷால் தேய்ச்சு, துடைச்சுக் காய வைங்க. பேட்டரி மூடி ஓட்டைக்குள் சோடா தண்ணி இறங்கக் கூடாது. கையுறை போட்டுக்கோங்க, டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியில் ஆசிட் இருக்கும். கடைசியில் டெர்மினலில் பெட்ரோலியம் ஜெல்லி தடவிடுங்க.

ரெண்டு, எர்த். ஆம்ப்புக்கு எர்த் கொடுக்க பெயின்ட்டைச் சுரண்டி, தகரத்தில் போல்ட் போடுவாங்க. சுரண்டின இடத்தை அப்படியே விட்டால் உப்புக் காற்றில் சீக்கிரமே துரு ஏறும். சத்தம் கரகரக்கும், ஆம்ப் சூடாகும். துருப்பிடித்த டெர்மினலில் டைனமோ அனுப்பும் சார்ஜும் முழுசா பேட்டரிக்குள் போகாது. ‘பேட்டரி இறங்குது’ன்னு நாம நினைப்போம், நிஜத்தில் ஏறவே இல்லை. போல்ட்டை இறுக்கின பிறகு மேலே பெயின்ட்டோ கிரீஸோ பூசச் சொல்லுங்க.

ஒயர் வாங்கும்போதும் கவனம். விலை மலிவான ஆம்ப் ஒயர் செட் பலவற்றில் உள்ளே இருப்பது அலுமினியம். மேலே மட்டும்தான் தாமிரப் பூச்சு. உப்புக்கு அது சீக்கிரம் பொடிஞ்சு போகும். முழுத் தாமிரம் கேட்டு வாங்குங்க. படகுகளுக்குப் போடுற, வெள்ளீயம் பூசிய தாமிர ஒயர் கிடைத்தால் இன்னும் நல்லது.

திருட்டு இல்லை, நம்ம செலவுதான்!

சில நேரம் எந்த ஒயரும் குற்றவாளி இல்லை. அரிச்சல்முனையில் காரை நிறுத்தி, இன்ஜினை அணைச்சு, டிக்கியைத் திறந்து பாட்டு போட்டா என்ன ஆகும்? நடுத்தர ஆம்ப்பும் சப்-வூஃபரும் சத்தமா பாடும்போது சராசரியா 15, 20 ஆம்பியர் இழுத்தால், 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு வந்துடும். அங்கே சுத்திலும் கடல்தான்; ஒர்க்‌ஷாப் இல்லை. பாட்டு வேணும்னா, நின்ன இடத்தில் இன்ஜின் ஓடட்டும். இல்லைன்னா புளூடூத் ஸ்பீக்கர் கொண்டு போங்க.

கோயில், பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம்னு ஊருக்குள்ளேயே சுத்துற கார்களுக்கு இன்னொரு சிக்கல். 2 கி.மீ ஓட்டத்தில் ஸ்டார்ட் பண்ணச் செலவான சார்ஜ்கூட திரும்ப ஏறாமல் போகலாம், ஏசியும் ஆம்ப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வாரம் ஒரு முறையாவது ராமநாதபுரம் வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓட்டுங்க.

வெளிநாட்டு வேலைக்குப் போயிட்டு, காரை மாதக்கணக்கில் வீட்டில் விட்டு வைக்கிறவங்க இந்தப் பக்கம் நிறைய. முழு ஆரோக்கியமான காரே 2 வாரத்தில் பாதி சார்ஜை இழக்கும்னு மேலே பார்த்தோம். கிளம்பும்போது நெகட்டிவைக் கழட்டிட்டுப் போங்க. அல்லது ஒரு பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுக்கோங்க.

அவசரத்துக்கு ஜம்ப் ஸ்டார்ட்

சிவப்பு கேபிளை முதலில் இறங்கின பேட்டரியின் பாசிட்டிவில், அடுத்து நல்ல பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டுங்க. கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறுமுனையை உங்கள் காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில் கொடுங்க. இறங்கின பேட்டரியின் நெகட்டிவிலேயே கொடுக்காதீங்க. அங்கே வரும் ஹைட்ரஜன் வாயு ஒரு பொறிக்கே வெடிக்கும். கழட்டும்போது இதே வரிசை தலைகீழாக.

கடைக்குப் போகும்போது...

“செட் மாட்டினதிலிருந்து பேட்டரி இறங்குது” என்று போய் நின்றால், “எங்க வேலை கரெக்ட்டுங்க, உங்க பேட்டரிதான் பழசு” என்றுதான் பதில் வரும். அதுக்குப் பதிலா, “கழட்டி வெச்சா பேட்டரி இறங்கலை. மாட்டினா, 40 நிமிடம் கழிச்சும் 0.8 ஆம்பியர் போகுது. ஆம்ப் ஃப்யூஸைப் பிடுங்கினா 0.03-க்கு வந்துடுது. ரிமோட் ஒயரைப் பாருங்க” என்று சொல்லுங்க. பேச்சே மாறிடும். சரிபண்ணிக் கொடுத்த பிறகு, அவங்க முன்னாடியே மறுபடி அளந்து, நம்பரைப் பார்த்துட்டுக் கிளம்புங்க.

இனிமேல்தான் செட் மாட்டப் போறீங்கன்னா, நாலே கேள்வி கேளுங்க. பேட்டரி பக்கத்தில் ஃப்யூஸ் போடுவீங்களா? ஒயர் முழுத் தாமிரமா? கம்பெனி ஒயரை வெட்டாமல், கார் மாடலுக்கான கப்ளர் வெச்சே இணைப்பீங்களா? (வெட்டினால் வாரன்ட்டியில் தகராறு வரலாம்.) எல்லாம் முடிஞ்சதும் ஆஃப் கரன்ட் எவ்வளவுன்னு அளந்து, பில்லில் எழுதித் தருவீங்களா?

கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் “தர்றோம்”னு சொல்ற கடையில் காரைக் கொடுங்க.